13 வயதுக்காரிக்கு ஒரு தமிழ் நாவல்

மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தமிழ் இடைநிலைப்பள்ளி ஒன்றுகூடக் கிடையாது. கிள்ளான் சிம்பாங் லீமாவிலோ பிரிக்பீல்ட்ஸ் விவேகானந்தாவிலோ ஆறு வருடம் கணக்கையும் அறிவியலையும் தமிழில் படித்த பெண்பிள்ளை, இடைநிலைப்பள்ளியின் படிவம் 1இல் காலெடுத்து வைத்ததும் எல்லாவற்றையும் மலாயில் படிக்கத் தொடங்குகிறாள். மலாய் போதாது என்று கருதப்பட்டவள் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாக உட்கார்கிறாள். தமிழ் அதன்பின் ஒரு பாடம் மட்டுமே. அந்தப் பாடமும் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் உண்டு என்கிறது 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். கேட்ட இடங்களிலும் பல பள்ளிகளில் அது பள்ளி நேரம் முடிந்த பிறகு ஒதுங்கிய வகுப்பறையில் நடக்கிறது. இதே ஓரிரு வருடங்களில்தான் அவளுடைய உடம்பு மாறுகிறது. வீட்டில் சடங்கு வைக்கிறார்கள். அண்ணன் தம்பிக்கு இருக்கும் நேரமும் தெருவும் அவளுக்குச் சுருங்குகின்றன. முதன்முதலாகத் தன்னைப் பற்றித் தனியாக யோசிக்க வேண்டிய காலம் வருகிறது. யோசிப்பதற்கு அதுவரை கைகொடுத்த மொழி அந்த நேரம் பார்த்துப் பள்ளியிலிருந்து விலகிவிடுகிறது.

மலேசியத் தமிழ் நாவலில் பதின்ம வயதுப் பெண்ணின் இடம் பெரும்பாலும் காலியாகக் கிடப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் வாதம். நம் எழுத்தாளர்களுக்கு அக்கறை இல்லை என்றோ திறமை இல்லை என்றோ சொல்வது எளிது, ஆனால் அது உண்மையைத் தொடாது. ஒரு பெண் தன் பதின்ம வயதை நாவலாக எழுத, அந்த வயதில் நடந்ததைத் தனக்குத்தானே எந்த மொழியில் சொல்லிக்கொண்டாளோ அந்த மொழி வேண்டும். நம் பெண்பிள்ளைகள் அந்த வருடங்களைப் பாதி மலாயிலும் கொஞ்சம் ஆங்கிலத்திலும் மிச்சத்தை வீட்டுத் தமிழிலும் கழிக்கிறார்கள். தோழியிடம் ஒரு மொழி, ஆசிரியையிடம் இன்னொன்று, பாட்டியிடம் வேறொன்று. பின்னாளில் தமிழில் எழுத உட்காரும் சிலருக்கு 12 வயதுவரை படித்த பாடநூல் தமிழ் கையில் இருக்கிறது. 30 வயதில் மேடையில் கேட்ட இலக்கியத் தமிழும் இருக்கிறது. இடைப்பட்ட ஐந்தாறு வருடங்களுக்குரிய தமிழ் மட்டும் இல்லை.

இந்தப் பருவமே நம் சமூகத்துக்குப் புதிது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோட்டப்புறத்தில் ஒரு தலைமுறைக்கு முன்பு பெண்பிள்ளையின் பதின்மம் என்று தனியாக ஒன்று பெரிதாக இருந்ததில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளி முடிந்ததும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வாள், அம்மாவோடு விடியற்காலையில் பால்மரத்துக்குப் போவாள், சீக்கிரமே கல்யாணம் ஆகும். குழந்தையிலிருந்து நேராகக் குடும்பத்துப் பெண். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தோட்ட அதிகாரிகள் அத்துமீறுவதை நிறுத்த வேண்டும் என்பதும் ஒன்று. ஆண்கள் அவர்களுக்காகப் போராடினார்கள், அது பெருமைக்குரியது. ஆனால் அந்தப் பெண்கள் என்ன நினைத்தார்கள் என்பது கோரிக்கைப் பட்டியலில் அடங்காது. 1965இல் இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வுத் தடை நீங்கி எல்லாரும் படிவம் 1க்குப் போகலாம் என்ற நிலை வந்தது. ஏற்கெனவே துண்டாடப்படத் தொடங்கியிருந்த தோட்டங்கள் பிறகு செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் கைமாறின. குடும்பங்கள் புறம்போக்குக் குடிசைகளுக்கும் அங்கிருந்து அடுக்குமாடிகளுக்கும் நகர்ந்தன. அந்த நகர்வில்தான், 13இலிருந்து 18 வரை வேலைக்கும் போகாமல் கல்யாணமும் ஆகாமல் பள்ளிச்சீருடையில் இருக்கும் தமிழ்ப்பெண் பெருந்தொகையாக உருவானாள். கிள்ளானில் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்குகிறவள் அவள். 2010இல் கொமுட்டர் ரயிலில் பெண்களுக்கென்று தனிப்பெட்டி விட்டார்கள். அவளைப் போன்றவர்கள் தினமும் எதைத் தாங்கிக்கொண்டு பயணம் செய்தார்கள் என்பதை ரயில் நிர்வாகமே ஒப்புக்கொண்ட நடவடிக்கை அது. இலக்கியம் அவளுக்கு ஒரு பெட்டியை இன்னும் விடவில்லை.

நம் நாவல் வரலாறு சின்னதல்ல. 1917இல் வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன்' தொடங்கி நூறாண்டைக் கடந்துவிட்டோம். எம். குமாரனின் 'செம்மண்ணும் நீல மலர்களும்', ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்', 'லங்காட் நதிக்கரை' என்று வாசகர் சொல்லும் பெயர்களில் தோட்டம், ஜப்பானியர் காலம், மரண ரயில், இந்திய தேசிய ராணுவம் எல்லாம் இருக்கின்றன. ஒரு சமூகம் தன் பெருந்துயரங்களை முதலில் எழுதுவது இயல்பு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பையன் வளர்ந்த கதையை நம்மவர்கள் எழுதாமல் இல்லை. கே.எஸ். மணியம் 1981இல் ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரிட்டர்ன்' நாவலில், தமிழ்ப்பள்ளியிலிருந்து ஆங்கிலப்பள்ளிக்குப் போகும் ரவி என்ற சலவைத் தொழிலாளியின் மகன், மொழி மாறும்போது தன் வீடே தனக்கு அந்நியமாவதைச் சொல்கிறான். பள்ளி மொழியை மாற்றும்போது உள்ளே ஏற்படும் முறிவு நாவலுக்கு எவ்வளவு வளமான நிலம் என்பதற்கு அந்தப் புத்தகமே சாட்சி. சஞ்சய் குமார் பெருமாள் 2015இல் தமிழில் எடுத்த 'ஜகாட்' படமும் 12 வயதுப் பையன் அப்போயின் கதைதான். தமிழ்நாட்டிலும் இதே வரிசை: அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' சந்திரசேகரனுடையது, பூமணியின் 'வெக்கை' சிதம்பரத்தினுடையது. வங்காளத்தில் விபூதிபூஷண் 1929இல் வெளியிட்ட 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அக்கா துர்கா பருவத்தின் வாசலில் காய்ச்சலில் இறந்துபோகிறாள். தம்பி அப்பு வளர்கிறான், அவனுக்கு அடுத்த நாவலும் கிடைக்கிறது. எத்தனையோ கதைகளில் பெண்பிள்ளை இப்படி வாசலோடு நின்றுவிடுகிறாள்.

தமிழில் அந்த வாசலைத் தாண்டிப் பார்த்தவர்கள் உண்டு. அவர்களைப் படித்தால்தான் நமக்கு என்ன இல்லை என்பது தெரியும். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் வந்தபோது பெரிய சர்ச்சை கிளம்பியது. மழையில் யாரோ ஒருவனின் காரில் ஏறி அவனால் கெடுக்கப்பட்ட கல்லூரி மாணவி அதில் இருக்கிறாள். ஆயினும் அந்தக் கதையின் உச்சம் அவள் தாயினுடையது: மகளைத் தண்டிப்பதா, நீர் ஊற்றிச் சுத்தமாக்கி ஏற்பதா என்ற முடிவு. அந்தப் பெண் என்ன நினைத்தாள் என்பதற்கு அவரே பின்னால் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' எழுத வேண்டியிருந்தது. அதிலும் அந்தப் பெண், கங்கா, வளர்ந்து, வேலைக்குப் போய், திரும்பிப் பார்க்கிறாள். அம்பையின் 'அம்மா ஒரு கொலை செய்தாள்' வேறு ஜாதி. முதல் மாதவிடாய் கண்ட கறுப்பு நிறப் பெண்பிள்ளை, ஊரிலிருந்து வரப்போகும் அம்மா எல்லாவற்றையும் புரியவைப்பாள் என்று காத்திருக்கிறாள். வந்த அம்மாவின் ஒரே வார்த்தையில் அவளுடைய உலகம் உடைகிறது. சில பக்கங்கள்தாம். அந்த வயதின் அச்சத்தை, எதிர்பார்ப்பை, துரோகத்தை அத்தனை துல்லியமாக அந்தப் பிள்ளையின் கண்ணிலிருந்தே சொன்ன கதை தமிழில் அபூர்வம். 2004இல் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' இன்னும் அகலமாகப் போனது. ராபியா என்ற சிறுமி, தான் எந்த அறைக்குள் அடைக்கப்படப் போகிறாள் என்பதை, அங்கே ஏற்கெனவே இருக்கும் பெண்களைப் பார்த்தே தெரிந்துகொள்கிறாள். சல்மாவே வயதுக்கு வந்ததும் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். அவருடைய ஊரான துவரங்குறிச்சியின் வீட்டுக்குள்ளிருந்து அப்படியொரு நாவல் வர முடிந்தது. காப்பாரின் அடுக்குமாடியிலிருந்தும் ஒன்று வந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

வருவது ஆங்கிலத்தில். ஈப்போவில் வளர்ந்த பிரீத்தா சமரசன் 2008இல் வெளியிட்ட 'ஈவினிங் இஸ் த ஹோல் டே' நாவலில், ஒரே வீட்டில் இரண்டு இளம்பெண்கள் இருக்கிறார்கள். மூத்த மகள் உமா நியூயார்க்குக்குப் படிக்கப் போகிறாள். வேலைக்காரப் பெண் செல்லம் அவமானப்படுத்தப்பட்டு வீட்டைவிட்டு அனுப்பப்படுகிறாள். ஆறு வயது ஆஷா இருவரையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஹன்னா அல்காஃப் 2019இல் எழுதிய 'த வெயிட் ஆஃப் அவர் ஸ்கை' 1969 மே 13 கலவரத்தில் கோலாலம்பூரில் தாயைத் தேடும் 16 வயது மெலாத்தியின் கதை. தன் மனத்துக்குள் குடியேறிய அச்ச நோயோடும் அவள் போராடுகிறாள். ஈழத்துப் பின்னணியில் வி.வி. கணேசானந்தன் எழுதி 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்ற 'பிரதர்லெஸ் நைட்', 1981 யாழ்ப்பாணத்தில் மருத்துவராக ஆசைப்பட்ட பதின்மப் பெண் சசியிடமிருந்து தொடங்குகிறது. மூன்றையும் மதிக்கிறேன். ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. செல்லத்தைப் போன்ற பெண்ணுக்குச் செல்லத்தைப் பற்றிய நாவலைப் படிக்க முடியுமா? மலேசியாவில் ஆங்கிலப் புனைகதையைச் சரளமாகப் படிப்பது வீட்டு வருமானத்தோடு நெருங்கிய தொடர்புடைய விஷயம். வசதியான பங்சாரில் வளரும் தமிழ்ப்பெண்ணுக்குத் தன்னைப் போன்ற ஒருத்தியைப் புத்தகக் கடையில் தேடிக்கொள்ள வழியிருக்கிறது. தமிழ்ப்பள்ளி வழியாக வந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு, ஆங்கிலமும் தூரம், மலாய் நாவலில் தன் வீடு இல்லை, தமிழ் நாவலில் தன் வயது இல்லை.

மறுப்புகள் உண்டு. நியாயமானவை சிலவற்றுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பாவை, ந. மகேஸ்வரி, நிர்மலா ராகவன், நிர்மலா பெருமாள், க. பாக்கியம் என்று எத்தனை பெண்கள் பல்லாண்டுகளாக எழுதியிருக்கிறார்கள், அவர்களைப் பார்க்கவில்லையா என்பார்கள். பார்க்கவேண்டும், அவர்களில்லாமல் இந்தப் பேச்சே இல்லை. ஆனால் இவர்கள் எழுதிய காலத்தில் பெண்ணுக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பு. அந்தப் பக்க அளவுக்குள் ஒரு சிறுகதை முடிய வேண்டும், முடியும்போது வாசகிக்கு ஏதாவது ஒரு படிப்பினை கிடைக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்து வந்தது. குடித்துவிட்டு வரும் அப்பா, ஏமாற்றிய காதலன், கைவிட்ட கணவன் ஆகியோருக்கு நடுவில் பெண்பிள்ளை வருவாள், எச்சரிக்கையாக வருவாள். வழிதவறினால் என்ன ஆகும் என்று காட்டுவதற்கு அவள் தேவைப்பட்டாள். வளர்வது அப்படி ஒரே சம்பவத்தில் நடப்பதில்லை. படிவம் 1இல் பேசாதிருந்தவள் படிவம் 3இல் எப்படி வாயாடியானாள், படிவம் 5இல் மறுபடி ஏன் அடங்கினாள் என்பதற்கு ஐந்து வருடங்களின் சலிப்பும் சிரிப்பும் வேண்டும். அதற்கு நாவல்தான் கொள்ளும். முழுநேர வேலையும் வீடும் பார்த்துக்கொண்டு நாவல் எழுத எத்தனை பெண்களுக்கு நேரம் கிடைத்தது என்பதையும் இதோடு வைத்தே எடைபோட வேண்டும்.

இதையெல்லாம் எழுதலாமா, பிள்ளைகள் படிக்கலாமா என்பது அடுத்த மறுப்பு. ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை 2020இல் உள்துறை அமைச்சு தடைசெய்தது. அமண்டா நெல் யூ இயக்கிய 'டைகர் ஸ்ட்ரைப்ஸ்', முதலில் பூப்படைந்த 12 வயது மாணவியின் உடல் புலியாக மாறும் கதை. 2023இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் பெரும்பரிசு பெற்ற அந்தப் படம் மலேசியத் திரைகளுக்கு வெட்டப்பட்டு வந்தது. அது தன் படம் இல்லை என்று இயக்குநர் கைகழுவினார். ஆகவே எழுதுகிறவர்களுக்கு அச்சம் இருப்பது கற்பனையன்று. ஆனால் பெற்றோர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நம் வீடுகளில் பெண் வயதுக்கு வந்ததை மண்டபம் எடுத்து, அழைப்பிதழ் அச்சடித்து, புகைப்படக்காரரை வைத்து ஊருக்கே சொல்கிறோம். அவளுடைய உடம்பைப் பற்றிய செய்தியைச் சொல்வதில் கூச்சமில்லை. அந்த மேடையில் அலங்காரத்தோடு உட்கார்ந்தபோது அவளுக்கு என்ன தோன்றியது என்பதை எழுதினால் மட்டும் கூச்சம் வருகிறது. மௌனம் பெண்பிள்ளைகளைக் காப்பாற்றவும் இல்லை. 2021இல் சிலாங்கூரில் 17 வயது மாணவி ஒருத்தி, வகுப்பில் பாலியல் வன்முறையைப் பற்றி ஆசிரியர் கேலியாகப் பேசினார் என்று டிக்டாக்கில் வெளிப்படையாகச் சொன்னாள். மாதவிடாயா என்று மாணவிகளைச் சோதித்துப் பார்க்கும் வழக்கம் பள்ளிகளில் இருந்ததைப் பற்றியும் அதே காலத்தில் நாடெங்கும் பெண்கள் வாய்திறந்தார்கள். சொல்வதற்கு அவர்களிடம் இவ்வளவு இருந்திருக்கிறது. அதை ஒரு நிமிடக் காணொளியில் கோபமாக மட்டுமே சொல்ல முடிந்தது.

தமிழ் படிக்கும் பெண்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், கொரிய நாடகம் பார்க்கும் தலைமுறைக்கு நாவல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு காதல் நாவலாசிரியர் ரமணிசந்திரனைக் காட்டுவேன். இலக்கிய மேடைகள் ஏறெடுத்தும் பார்க்காத அவருடைய நாவல்கள்தாம் இங்கே எத்தனையோ பெண்களைத் தமிழ் படிக்க வைத்தன. கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த பிரதிகளாக அவை வீடு வீடாகப் போயின. ஆசை இருந்தது, கிடைத்ததைப் படித்தார்கள். அந்தக் கதைகள் கல்யாணத்தில் முடிவதும், நாயகி வாழ்வது சென்னையில் என்பதும் வாசகிகளின் குற்றமில்லை. இன்றும் பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வில் ஒவ்வோர் ஆண்டும் ஆயிரக்கணக்கான மாணவர்கள் தமிழ் எடுக்கிறார்கள். சிலர் தமிழ் இலக்கியமும் எடுக்கிறார்கள். பள்ளிப் பாடமாக வரும் நாவலுக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை வேறு எவரையும்விட நம் சமூகம் நன்கு அறியும். அப்துல்லா ஹுசேனின் 'இந்தர்லோக்' 2011இல் படிவம் 5க்குப் பாடநூலானபோது, அதில் இந்தியர்கள் சித்திரிக்கப்பட்ட விதத்தை எதிர்த்து நாடு முழுவதும் குரல் எழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் நூல் திரும்பப் பெறப்பட்டது. நம்மைத் தவறாகக் காட்டிய நாவலுக்கு எதிராக அத்தனை சக்தியைத் திரட்ட முடிந்தவர்கள், நம் பெண்பிள்ளையைக் காட்டும் நாவலுக்காக அதில் பத்தில் ஒரு பங்கு திரட்டக் கூடாதா?

கேட்டு வாங்கினால் நாவல் வராது, கட்டுரைதான் வரும் என்ற கடைசி மறுப்பில் முழு உண்மை இருக்கிறது. தலைப்புக் கொடுத்து இலக்கியம் எழுதவைக்க முடியாது. ஆனால் வழியை அடைத்து வைத்திருக்கும் சிலவற்றை விலக்க முடியும். முதலில் மொழிபெயர்ப்பு. செல்லமும் மெலாத்தியும் நல்ல தமிழில் வந்தால், இந்த வயதை இப்படியும் சொல்லலாம் என்பது நம் இளம் எழுத்தாளர்களுக்குக் கண்ணெதிரே இருக்கும். 1962இலிருந்து இயங்கும் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கத்துக்கு இது தாங்க முடியாத செலவாகாது. அடுத்தது போட்டிகளின் விதி. நல்ல கருத்து, தூய நடை என்ற இரண்டு அளவுகோல்களால் மட்டும் மதிப்பெண் போடும் நடுவர்களிடம் 16 வயதுக்காரியின் குரல் ஒருபோதும் தப்பிப் பிழைக்காது. அவள் சிக்கூ என்றுதான் ஆசிரியையை அழைப்பாள், கந்தினில்தான் சாப்பிடுவாள், தோழியோடு சண்டை போடும்போது மூன்று மொழியும் ஒரே வாக்கியத்தில் வரும். அந்தப் பேச்சைச் சிவப்பு மையில் திருத்திவிட்டால் மிஞ்சுவது மறுபடியும் ஆறாம் ஆண்டுப் பாடநூலின் தமிழ். அதற்குப் பதில், கையெழுத்துப் பிரதி வந்ததும் அதை எழுதியவளோடு உட்கார்ந்து, எந்த மலாய்ச் சொல் அவள் வாழ்க்கையிலிருந்து வந்தது, எது வெறும் சோம்பலால் வந்தது என்று வரிவரியாகப் பேசும் ஒரு செம்மையாளர் வேண்டும். நம் பதிப்புச் சூழலில் இன்று பெரும்பாலும் இல்லாத வேலை அது. புத்தக வெளியீட்டு மண்டபத்துக்கும் பொன்னாடைக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அந்த வேலைக்குச் சம்பளமாகக் கொடுக்க ஏதாவது ஒரு சங்கம் இந்த வருடமே முடிவெடுக்கலாம்.